வயித்தைச் சின்னனாக்கிற ஒபரேஷன்: ஃபமிலி டொக்டரிட்ட என்ன கேக்கோணும், அதுக்குப் பிறகு என்ன நடக்கும்

எங்கட அண்ணா புறக்கோட்டை டாம் வீதியில ஒரு ஹார்ட்வெயார் கடையில பில் போடுறவர். மூண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் பின்னேரம் கடை முதலாளி என்னையும் அண்ணியையும் கூப்பிட்டு பில் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பிவிசி பைப் முக்கால் இஞ்சி எண்டு எழுதிக்கொண்டு வந்து நடுவில பேனை சரிஞ்சு ஒரு கோடா பக்கத்திண்ட அடி வரைக்கும் போயிருக்கு, கார்பனைத் தூக்கிப் பாத்தா டூப்ளிகேட்டிலயும் அதே கோடு. எழுதிக்கொண்டிருக்கேக்கயே மனுசன் நித்திரையாப் போயிட்டார். முதலாளி கோவிக்கேல்ல, பயந்துதான் போனார், ஏனெண்டா அண்ணா பைக்கில வாறவர், காலி வீதியில லைட்டுக்கு நிக்கேக்க கண் சொருகினா என்ன செய்யிறது.

அப்ப அவருக்கு 41 வயசு, சீனி வருத்தம் ஏழு வருஷம், பிரஷர், ராவில குறட்டை எண்டா பக்கத்து ஃப்ளட்டுக்குக் கேக்கும். எடை எவ்வளவு எண்டு அவருக்கே தெரியாது. ஒபரேஷன் கதையை முதல்ல எடுத்தது அண்ணிதான், யூடியூப்பில பாத்துட்டு. உடன வந்த கேள்வி, இப்பவும் சொந்தக்காரர் என்னட்டக் கேக்கிற கேள்வி, "ஃபமிலி டொக்டரிட்ட கேட்டா அரசாங்க ஆஸ்பத்திரியில ஃப்ரீயாச் செய்வினமா?" எண்டது. செய்வினம். ஆனா அந்த ஒரு சொல்லுக்கும் தியேட்டர் மேசைக்கும் நடுவில எங்களுக்கு ஒண்டரை வருஷத்துக்கு மேல போச்சு, அதில ஆறு மாசம் சும்மா போன ஆறு மாசம், ஒரு நல்ல லெட்டர் இருந்திருந்தா போயிருக்காது. அதால லெட்டரைப் பற்றித்தான் இதில கூட எழுதப்போறன்.

ஃபமிலி டொக்டரிண்ட லெட்டர் இல்லாட்டி உள்ள விடமாட்டினம் எண்ட நினைப்பு எங்கட ஆக்களுக்கு லண்டன்ல இருந்து வந்தது எண்டு நினைக்கிறன். எங்கட மச்சாள் ஒருத்தி ஹரோவில இருக்கிறா, அவவும் இதுக்குத்தான் அலையிறா. அங்க என்எச்எஸ் எண்ட அரசாங்க மருத்துவ சேவையில ஒவ்வொரு ஆளும் ஒரு ஜிபியிட்ட, அதாவது ஃபமிலி டொக்டரிட்ட, பதிஞ்சிருக்கோணும், அவசரம் இல்லாத எந்த ஸ்பெஷலிஸ்டிட்டப் போறதெண்டாலும் கிட்டத்தட்ட எல்லாம் அவரைத் தாண்டித்தான். ஜிபி எடைக்கெண்டே இருக்கிற ஒரு டீமுக்கு எழுதுவார், அங்க டயட்டீஷியன், சைக்காலஜிஸ்ட் எண்டு மாசக்கணக்கா மினக்கெட்டுப் பிறகுதான் சேர்ஜனிண்ட முகம் தெரியும். ஆருக்குச் செய்யிறது எண்டும் எழுதி வைச்சிருக்கினம், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு எண்டு பாக்கிற கணக்கு) 40, இல்லாட்டி 35ஓட சீனி, பிரஷர் மாதிரி ஒரு வருத்தம். எங்களைப் போல தெற்காசிய ஆக்களுக்கு அதில 2.5 குறைச்சுப் பாக்கச் சொல்லி நைஸ் எண்ட அமைப்பிண்ட வழிகாட்டியிலயே கிடக்கு, அதாவது 37.5, 32.5. மச்சாளிண்ட ஜிபிக்கே அந்த 2.5 ஞாபகம் இருக்கேல்லயாம், இவதான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினவ.

இலங்கையில அப்பிடி ஒரு வாசல்காவல் இல்ல. நீங்க ஆரிட்டயும் பதிஞ்சிருக்கத் தேவையில்ல, விரும்பின அரசாங்க ஆஸ்பத்திரியிண்ட ஓபிடியில (வெளிநோயாளர் பகுதியில) விடியக்காலமை போய் நம்பர் எடுக்கலாம். நாங்க ஃபமிலி டொக்டர் எண்டு சொல்ற ஆள் ஒழுங்கைக்குள்ள டிஸ்பென்சரி வைச்சிருக்கிற பிரைவேட் டொக்டர், அரசாங்கத்துக்கும் அவருக்கும் ஒரு தொடுப்பும் இல்ல, அவர் எழுதித் தாற துண்டுக்குச் சட்டப்படி ஒரு பெறுமதியும் இல்ல. ஆனா நடைமுறையில அந்தத் துண்டுதான் நீங்க எந்த வரிசையில நிக்கப்போறீங்க எண்டதைத் தீர்மானிக்கிது. லண்டன்ல கதவு பூட்டிக் கிடக்கு, ஆனா மேல போர்ட் இருக்கு. இஞ்ச கதவெல்லாம் திறந்துதான் கிடக்கு, எந்தக் கதவெண்டு சொல்ல ஆளில்ல.

எங்கட டொக்டருக்கு எழுபது வயசுக்கு மேல, வெள்ளவத்தையில கடல்பக்கமா இறங்கிற ஒரு ஒழுங்கையில முப்பது வருஷமா இருக்கிறார், எங்கட அம்மாக்கும் அவர்தான் மருந்து தந்தவர். அவரிட்ட இருக்கிறது ஊசிமுள் சுத்துற பழைய தராசு, 120 வரைக்கும்தான் இலக்கம். அண்ணா ஏறி நிண்டவுடன ஊசி 120ஐத் தாண்டி ஒரு சுத்துச் சுத்தி சைபருக்குக் கிட்டப் போய் நிண்டுது. டொக்டர் ஒண்டும் சொல்லேல்ல, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, "தம்பி, வாயைக் கட்டோணும்" எண்டார். ஒபரேஷனுக்கு அனுப்புங்கோ எண்டு அண்ணிதான் கேட்டவ. அவர் எழுதித் தந்த லெட்டர்ல ரெண்டே வரி, உடம்பு பருமன், சீனி வருத்தம், பாத்து ஆவன செய்யவும் எண்ட கருத்தில இங்கிலீஷ்ல. எடை இல்ல, உயரம் இல்ல, சேர்ஜனுக்கா ஃபிசீஷியனுக்கா எண்டு கூட இல்ல.

அதைக் கொண்டு நாங்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனம், பேர் வேண்டாம். ஓபிடியில இருந்த சின்ன டொக்டர் அந்த ரெண்டு வரியைப் பாத்துட்டு, சீனி எண்டு இருக்குத்தானே, மெடிக்கல் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டா. அவ செய்தது பிழை எண்டு நான் சொல்லமாட்டன், கடிதத்தில என்ன இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரித்தானே அனுப்பேலும். மெடிக்கல் கிளினிக்கில கொலஸ்ட்ரோல் குளிசை, சிங்களத்துல ஒரு டயட் பேப்பர், மூண்டு மாசத்துக்குப் பிறகு ஒரு தேதி. மூண்டு மாசம் கழிச்சுப் போனா இன்னொரு மூண்டு மாசத்துக்குப் பிறகு ஒரு தேதி. அந்த வரிசையில நிண்டா ஆயுளுக்கும் நிக்கலாம், அது சேர்ஜனிட்டப் போற வரிசையே இல்ல எண்டது எங்களுக்கு ஆறு மாசத்துக்குப் பிறகுதான் விளங்கினது.

ரெண்டாவது லெட்டர் எடுக்கிறதுக்கு முதல் எடை தெரியோணுமே. அண்ணா கடை பூட்டின பிறகு, ஆணி மூட்டையும் சங்கிலியும் நிறுக்கிற இரும்புத் தராசில, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறி நிண்டிருக்கிறார், 131 கிலோ. உயரம் 172 சென்டிமீட்டர். எடையைக் கிலோவில எடுத்து, உயரத்தை மீட்டர்ல எடுத்து, உயரத்தால ரெண்டு தரம் பிரிச்சா வாறதுதான் பிஎம்ஐ, அண்ணாக்கு 44 வந்துது. அந்த இலக்கத்தை ஒரு துண்டில எழுதிக்கொண்டு, பில் புத்தகத்தில கோடு விழுந்த பக்கத்தை ஃபோன்ல படம் எடுத்துக்கொண்டு திரும்ப டொக்டரிட்டப் போனம். இந்த முறை நாங்க "எடை குறைக்கோணும்" எண்டு தொடங்கேல்ல. "டொக்டர், பகல்ல நித்திரையாப் போறார்" எண்டுதான் தொடங்கினம். படத்தைப் பாத்தவுடன மனுசன் நிமிந்து இருந்திட்டார். ராவில மூச்சு நிக்குதா எண்டு அண்ணியிட்டக் கேட்டார், ஓம் டொக்டர், நிண்டு நிண்டு பிறகு ஒரு திடுக்கிடலோட எடுபடும் எண்டா. அது ஸ்லீப் அப்னியா எண்ட வருத்தம், கழுத்தைச் சுத்தின கொழுப்பும் தளர்ந்த தசையும் சேந்து நித்திரையில மூச்சுப் பாதையை அடைக்கிறது, ராவு முழுக்க மூளை அரைநித்திரையில முழிச்சு முழிச்சு இருக்கும், அதால பகல்ல கண் சொருகும். பிரஷரையும் ஏத்தும். ஒபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கேக்கயும் இது தெரியாட்டி ஆபத்து.

அண்டைக்கு அவர் எழுதின லெட்டர் ஒரு பக்கம் முழுக்க. எடை, உயரம், பிஎம்ஐ, சீனி எத்தனை வருஷம், என்னென்ன குளிசை, மூண்டு மாசத்துச் சீனிச் சராசரியைக் காட்டுற எச்பிஏவன்சி கடைசியா 9.1, பிரஷர், முழங்கால், குறட்டையோட பகல் நித்திரை, எழுதிக்கொண்டிருக்கேக்க நித்திரையான கதை, எந்தெந்த வருஷம் டயட் செய்து எத்தனை கிலோ குறைஞ்சு திரும்ப ஏறினது, வெத்திலை சிகரெட் இல்ல, வீட்டுல பாக்க ஆள் இருக்கு. மேல "சேர்ஜனுக்கு" எண்டும், கீழ கடைசி வரியில "எடை குறைக்கிற பேரியாட்ரிக் ஒபரேஷனுக்குத் தகுதியா எண்டு பாக்கவும்" எண்டும் வடிவா எழுதினார். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். டொக்டரிட்டப் போய் ஆலோசனை கேட்டா ஆலோசனைதான் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியது எந்த வைத்தியரிட்ட எதுக்குப் போறம் எண்டு எழுதின ஒரு கடிதம்.

ஏன் அந்த மனுசன் முதல் தரம் அப்பிடி எழுதேல்ல எண்டு யோசிச்சுப் பாத்தன். கெட்ட மனுசன் இல்ல. ஒண்டு, அவர் படிச்ச காலத்தில இந்த ஒபரேஷன் இஞ்ச இல்ல, அரசாங்கத்தில செய்யினம் எண்டது அவருக்கே சரியாத் தெரியாது. களுபோவில எண்டு நாங்க சொல்ற கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை மாதிரி இடங்கள்ல அரசாங்கச் சேர்ஜன்மார் செய்துகொண்டுதான் இருக்கினம், ஆனா அது விளம்பரப் பலகையில வாற விஷயம் இல்ல. மற்றது, குண்டு எண்டா சோம்பேறித்தனம், வாயைக் கட்டத் தெரியாதது எண்ட எங்கட ஊர் நினைப்பு வெள்ளைக்கோட்டுக்குள்ளயும் இருக்கு. எங்கட சித்தப்பா இண்டைக்கும் சொல்லுவார், கொத்துரொட்டியை விட்டா ஒபரேஷன் என்னத்துக்கு எண்டு. அண்ணா கொத்து விட்டவர், மூண்டு தரம் விட்டவர், ஒருக்கா 18 கிலோ குறைச்சவர், ஒரு வருஷத்துக்குள்ள 20 ஏறினது.

அது ஏனெண்டா உடம்பு தன்ர எடையைத் தானே காவல் காக்கும். கிலோ குறையக் குறையப் பசியைக் கூட்டுற சுரப்பு கூடும், சும்மா இருக்கேக்க எரிக்கிற சக்தி குறையும், பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டுட்டுத்தான் ஓயும். கனமா ஏறின ஆக்களுக்கு இந்த இழுவை மனவலிமையால வெல்லுற சாமான் இல்ல. ஸ்லீவ் எண்ட ஒபரேஷன்ல வயித்தில முக்கால்வாசியை நீளவாக்கில வெட்டி எடுத்து, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயா விடினம், வெட்டுற அந்தப் பக்கத்திலதான் கிரெலின் எண்ட பசிச் சுரப்பு கூடுதலா உண்டாகிறது, அதால இடம் குறையிறதோட பசியும் குறையும். பைபாஸ் எண்டது மேல முட்டையளவு ஒரு பை மட்டும் விட்டு அதைக் குடலிண்ட கீழ்ப் பகுதியோட தொடுக்கிறது, சீனி வருத்தத்துக்கும் நெஞ்செரிவு கூட இருக்கிற ஆக்களுக்கும் அது நல்லதெண்டு சொல்லுவினம், ஸ்லீவ்ல நெஞ்செரிவு சிலருக்குக் கூடும். சுவீடன்ல 1987ல தொடங்கி இந்த ஒபரேஷன் செய்த ஆக்களையும் செய்யாத ஆக்களையும் வருஷக்கணக்காப் பின்தொடந்து பாத்தவை, செய்த ஆக்களிட்ட சாவு குறைஞ்சிருக்கு எண்டு 2007ல எழுதினவை. அழகுக்குச் செய்யிற ஒபரேஷன் எண்டு நினைக்கிற டொக்டருக்குச் சொல்ல இது ஒண்டே காணும்.

ஆருக்குச் செய்யலாம் எண்ட கணக்கும் மாறிக்கொண்டு வருது. கனகாலமா உலகம் முழுக்க வைச்சிருந்தது அமெரிக்காவில 1991ல எழுதின கணக்கு, 40, இல்லாட்டி வருத்தத்தோட 35. 2022ல ரெண்டு பெரிய சேர்ஜன் சங்கங்கள் சேந்து அதை இறக்கினவை, 35 எண்டா வேற வருத்தம் இல்லாட்டியும் சிபாரிசு செய்யலாம், சீனி வருத்தம் இருந்தா 30லயே யோசிக்கலாம், ஆசிய ஆக்களுக்கு 27.5ல இருந்து ஒபரேஷனைப் பற்றிக் கதைக்கலாம் எண்டு. எங்களுக்கு வயித்தைச் சுத்தித்தான் கொழுப்பு சேருது, மெலிவாத் தெரியிற ஆளுக்கும் சீனி வருது, அதால உலக சுகாதார நிறுவனமும் 2004லயே ஆசியாவுக்கு 23லயும் 27.5லயும் கோடு போட்டுக் கவனிக்கச் சொன்னது. ஆனா கடதாசியில 27.5 எண்டு இருக்கிறதும் இலவச ஆஸ்பத்திரி தியேட்டர்ல இடம் கிடைக்கிறதும் வேற வேற. இருக்கிற கொஞ்ச இடத்துக்குக் கூடக் கஷ்டப்படுற ஆளைத்தான் முதல்ல எடுப்பினம், 30ஓட போய் நிண்டு ஏன் எனக்கில்ல எண்டு சண்டை பிடிக்கேலாது.

லெட்டரோட நேரா சேர்ஜிக்கல் கிளினிக் நாளுக்குப் போறது ஒரு வழி. இன்னொரு வழி எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் எழுதமாட்டினம்: பின்னேரம் பிரைவேட்ல அந்தச் சேர்ஜனைச் சேனல் பண்ணி, காசு கட்டி, "சேர், எங்களுக்குப் பிரைவேட்டில செய்ய வசதியில்ல" எண்டு சொன்னா, அவர் தன்ர அரசாங்கக் கிளினிக் நாளைச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தருவார். இது லஞ்சம் இல்ல, சட்டப்படி அவருக்குப் பிரைவேட் பாக்கிற உரிமை இருக்கு, ஆனாலும் இலவசச் சேவைக்குள்ள போறதுக்குக் காசு கட்டி வழி கேக்கிற மாதிரி எனக்கு ஒரு கூச்சம். நாங்க செய்யேல்ல, செய்த ஆக்களைக் குறை சொல்லவும் மாட்டன். டிஸ்பென்சரிக்குக் குடுக்கவும் காசில்ல எண்டா மாநகரசபையிண்ட இலவச டிஸ்பென்சரிகள் இருக்கு, 2011ல இருந்து அரசாங்கம் நடத்திற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கு, எடை, உயரம், பிரஷர், சீனி எல்லாம் சும்மா பாத்து எழுதித் தருவினம். அந்தப் பேப்பர் கையில இருந்தா லெட்டர் எழுதுற ஆளுக்கு வேலை பாதி முடிஞ்சுது.

கிளினிக்கில முதல் நாளே தேதி தருவினம் எண்டு நினைச்சுப் போகாதேங்கோ. ரத்தம், தைரொயிட், ஈரல் ஸ்கான், எண்டொஸ்கோபி, இதயம், டயட்டீஷியன், மனநல டொக்டர். மனநலம் எண்டவுடன அண்ணாக்குக் கோவம் வந்திட்டுது, எனக்கென்ன விசரா எண்டு. விசர் பாக்கிறதுக்கில்ல, கவலை வந்தா சாப்பாட்டுக்குள்ள ஒளிக்கிற ஆளா, ஒபரேஷனுக்குப் பிறகு சொன்னபடி நடப்பாரா, குடி இருக்கா எண்டு பாக்கிறது. குடியை ஒளிக்கக்கூடாது, வயித்தை வெட்டின பிறகு சாராயம் ரத்தத்தில ஏறுற வேகமே வேற. டயட்டீஷியன் நல்ல பிள்ளை, ஆனா அவவிண்ட பேப்பர் சிங்களத்துல, உதாரணமெல்லாம் கிரிபத், பொல் சம்பல். புட்டு எத்தனை கப் எண்டு கேட்டா அவ "பிட்டு? பிட்டு மொகடத?", புட்டு எதுக்கு எண்டு சிரிச்சா. அண்ணி ஒரு கொப்பியில ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில தமிழ்ல எழுதிக்கொண்டா, சிங்களம் தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, கௌரவம் பாக்காதேங்கோ. ஸ்லீப் டெஸ்டில அப்னியா சரியான கடுமை எண்டு வந்துது, ஒபரேஷன் வரைக்கும் ராவில மூக்கில மாட்டிக்கொண்டு படுக்கிற சீபாப் மெஷினை வெளியில வாடகைக்கு எடுத்தம். மெஷின் மாட்டின மூண்டாம் நாளே பில் புத்தகத்தில கோடு விழுறது நிண்டுது, எடை ஒரு கிலோவும் குறையாமலே.

பிறகுதான் உண்மையான காத்திருப்பு. இந்த ஒபரேஷன் அவசரம் இல்லாத பட்டியல்ல கிடக்கிறது, அதே தியேட்டர், அதே மயக்க டொக்டர், கான்சர் ஆள் வந்தா உங்கட நாள் தள்ளும், தள்ளத்தான் வேணும். 2022 மார்ச்சில பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால முன்கூட்டித் தேதி குடுத்த ஒபரேஷன்களையே நிப்பாட்டினது ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில தள்ளுப்பட்ட ஆக்களும் வரிசையில வந்து சேந்தவை, டொக்டர்மார் கனபேர் நாட்டை விட்டும் போயிட்டினம். அண்ணாக்கு ரெண்டு தரம் தேதி தள்ளினது. ஒரு தரம் வாட்டில படுத்து, ராவுச் சாப்பாடு விட்டு, விடிய "அத நே", இண்டைக்கு இல்ல எண்டுட்டினம்.

இலவசம் எண்ட சொல்லுக்குள்ள என்ன இருக்கு எண்டதையும் சொல்லோணும். கட்டில், தியேட்டர், சேர்ஜன், மயக்கம், எல்லாத்துக்கும் ஒரு சதம் கேக்கேல்ல, இதே ஒபரேஷன் பிரைவேட்டில லட்சக்கணக்கு. ஆனா வயித்தை வெட்டித் தைக்கிறது நூலால இல்ல, ஸ்டேப்ளர் எண்ட கருவியால, ஒரே நேரத்தில வெட்டி ரெண்டு பக்கமும் கம்பி போட்டுக்கொண்டு போகும், அதுக்குள்ள போடுற கார்ட்ரிஜ் ஒரு ஸ்லீவுக்கு நாலு, அஞ்சு தேவை, ஒருக்காப் பாவிச்சா எறியிற சாமான், வெளிநாட்டில இருந்து வாறது, விலையும் டொலர்லதான் ஏறி இறங்கும். எங்களுக்கு வந்த நேரம் ஸ்டோர்ல போதாது, ரெண்டு கார்ட்ரிஜ் வெளியில வாங்கிக்கொண்டு வரச் சொன்னவை. அண்ணியிண்ட காப்பு அடைவுக்குப் போனது அதுக்குத்தான். இதை ஒரு வருஷத்துக்கு முதலே ஆராவது சொல்லியிருந்தா மாசாமாசம் கொஞ்சம் சேத்திருக்கலாம். ரெண்டாவது கிளினிக்கிலயே வெக்கப்படாமக் கேளுங்கோ, "மிஸ், நாங்க என்ன வாங்கித் தரவேண்டி வரும்?" எண்டு. சம்பளம் வெட்டுப்படுற நாளையும் எண்ணிக்கொள்ளுங்கோ, அண்ணாக்குக் கிளினிக்குக்கு மட்டும் இருபது நாள் போனது.

ஒபரேஷனுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் சோறு, பாண், சீனி எல்லாம் நிப்பாட்டிப் பால், முட்டை, சூப் எண்டு விடுவினம். எடை குறைக்கிறதுக்கில்ல அது, கொழுப்பு ஏறின ஈரல் வயித்துக்கு மேல பெருசாப் படுத்திருக்கும், அது சுருங்கினாத்தான் கமரா விட்டு வயித்தைப் பாக்கலாம். அந்த ரெண்டு கிழமைக்குள்ளதான் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில எங்கட சொந்தத்தில ஒரு கலியாணவீடு, பந்தியில வாழையிலை போட்ட உடன அண்ணா எழும்பி வெளியில வந்து, காருக்குள்ள இருந்து ஃப்ளாஸ்கில கொண்டுவந்த பாலைக் குடிச்சவர். மாமா ஒருத்தர் பின்னால வந்து, "என்னடா, எங்களோட கோவமோ?" எண்டு கேக்கிறார்.

ஒபரேஷன் வயித்தில அஞ்சு சின்ன ஓட்டை, நாலாம் நாள் வீட்டுக்கு. ஆபத்தே இல்ல எண்டு சொல்லேலாது, தைச்ச இடம் கசியலாம், காலில ரத்தம் கட்டியாகி நுரையீரலுக்குப் போகலாம், ஆனா நல்ல கையில பித்தப்பை ஒபரேஷன் அளவு ஆபத்துத்தான் எண்டு சொல்லுவினம். வீட்டுக்கு வந்து காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, தோள்மூட்டு நோவு வந்தா டிஸ்பென்சரிக்குப் போகாம நேரா வாட்டுக்குப் போகோணும். முதல்ல தண்ணிச் சாப்பாடு, பிறகு மசிச்சது, பிறகு மெதுவா. இடியப்பத்தைச் சொதியில ஊறவிட்டா இறங்குது, புட்டும் பாணும் கட்டிப்பட்டு நெஞ்சில நிக்குது. மூண்டாம் மாசம் தலைமயிர் கொட்டும், திரும்ப வரும். எடை வேகமாக் குறையேக்க பித்தக்கல் வரலாம். பொம்பிளையள் எண்டா 12 தொடக்கம் 18 மாசத்துக்குப் பிள்ளை தங்கக்கூடாது, கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற வீட்டில இதை ஒளிச்சு வைக்கிற பழக்கம் இருக்கு, அது பிழை.

இப்ப ஊசி இருக்குத்தானே எண்டு கேக்கிற ஆக்களுக்கு: கிழமைக்கு ஒருக்கா போடுற செமாக்ளூட்டைட், டிர்செபடைட் ஊசிகள் வேலை செய்யிது, உண்மை. நிப்பாட்டினா எடையில பெரும்பகுதி திரும்ப ஏறுது, அதுவும் உண்மை. அரசாங்க ஃபார்மசியில எடைக்கெண்டு எடுக்கலாம் எண்டு நம்பி இருக்காதேங்கோ, ஃபார்மசியில மாசாமாசம் சொந்தக் காசு, வருஷக்கணக்கா. பில் போடுற ஆளிண்ட சம்பளத்துக்கு அது சரிவராது.

ஒரு வருஷத்தில அண்ணா 131ல இருந்து 96க்கு வந்தார். இன்னும் குண்டுதான், ஸ்லீவ்ல சராசரியா உள்ள எடையில கால்வாசிதான் போகும், படத்தில காட்டுற மாதிரி ஒல்லியாக வரமாட்டினம். சீனிக் குளிசை நாலில இருந்து ஒண்டுக்கு வந்துது. சீபாப்பைத் திருப்பிக் குடுத்திட்டம்.

ஆஸ்பத்திரி விட்டு வரேக்க, என்ன ஒபரேஷன் செய்தது எண்டு எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டை நாங்க எங்கயாவது வைச்சுத் துலைக்காம உடன லாமினேட் பண்ணி, ரெண்டு கொப்பி எடுத்து ஒண்டைப் பழைய டொக்டரிட்டக் குடுத்தம். இந்த ஒபரேஷனுக்குப் பிறகுதான் ஃபமிலி டொக்டருக்கு வேலை கூட, பி12, இரும்பு, கல்சியம், விட்டமின் டி ஆயுளுக்கும் பாக்கோணும், எடை குறையக் குறையச் சீனிக் குளிசையையும் பிரஷர் குளிசையையும் இறக்கோணும், இறக்காட்டி சீனி விழுந்து மயங்கி விழுவினம். இன்னொண்டு, டைக்ளோஃபெனாக் மாதிரி நோக் குளிசை வயித்தில புண் வரப்பண்ணும், பைபாஸ் செய்த ஆக்கள் தொடவே கூடாது, ஸ்லீவ் செய்த ஆக்களும் கேக்காமப் போடக்கூடாது. எங்கட டிஸ்பென்சரிகள்ல சின்னக் கடதாசிப் பக்கற்றுக்குள்ள பேரில்லாமப் போட்டுத் தாற மூண்டு குளிசையில ஒண்டு அநேகமா அதுதான்.

போன மாசம் அண்ணாக்கு நாரி பிடிச்சு, எங்கட டொக்டர் ஊருக்குப் போயிருந்ததால கொட்டாஞ்சேனையில ஒரு புது டொக்டரிட்டப் போனவர். அவர் பக்கற்றை மடிச்சுக் குடுத்த பிறகு அண்ணா பேர்ஸுக்குள்ள இருந்து அந்த லாமினேட் கார்டை எடுத்து மேசையில வைச்சிருக்கிறார். டொக்டர் வாசிச்சுப்போட்டு ஒண்டும் பேசாம பக்கற்றைத் திருப்பி வாங்கி, பிரிச்சு, வெள்ளைக் குளிசை எல்லாத்தையும் எடுத்துட்டு பரசிட்டமோல் போட்டுத் தந்தாராம்.